எடையற்ற வெளியில் ஒரு டன் ஏன் சுமையாகிறது? – ராக்கெட் இயக்கமும் நிலைமமும்

கொள்ளிடக்கரை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்கு இயற்பியல் கற்பிக்கிறேன். நிலைமம் (ஒரு பொருள் தன் வேகத்தைத் தானாக மாற்றிக்கொள்ளாத இயல்பு) பற்றிய பாடத்தைப் பேருந்து திடீரென நிற்பது, அட்டையைச் சுண்டினால் நாணயம் குவளைக்குள் விழுவது ஆகிய எடுத்துக்காட்டுகளோடு முடித்துவிடக் கூடாது என்பதற்காக, இந்த முறை ஒரு ராக்கெட்டின் தோல்வியை வகுப்பில் விவாதிக்க எடுத்துக்கொண்டேன். 2017 ஆகஸ்ட் 31 அன்று ஐஆர்என்எஸ்எஸ்-1எச் என்ற வழிகாட்டிச் செயற்கைக்கோளைச் சுமந்துகொண்டு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட பிஎஸ்எல்வி சி-39 ராக்கெட்டில் நான்கு கட்டங்களும் எரிந்தன. செயற்கைக்கோளை மூடியிருந்த வெப்பக் கவசம் மட்டும் பிரியவில்லை. பூமிக்கு மிக நெருங்கும் புள்ளியில் 284 கி.மீ. உயரமும் (அண்மை), மிக விலகும் புள்ளியில் 20,650 கி.மீ. உயரமும் (தொலைவு) கொண்ட நீள்வட்டப் பாதைக்குப் போக வேண்டிய கலம், 167 கி.மீ. அண்மையும் 6,555 கி.மீ. தொலைவும் கொண்ட பாதையோடு நின்றுவிட்டது.

இதைச் சொல்லி முடித்ததும் ஒரு மாணவி எழுந்து இரண்டு கேள்விகள் கேட்டார். கவசம் கழல வேண்டியது 100 கி.மீ. உயரத்துக்கும் மேலே, அங்கே தடுப்பதற்குக் காற்று இல்லை. சுற்றுப்பாதையில் எடையும் இல்லை என்று முந்தைய பாடத்தில் படித்திருக்கிறோம். காற்றும் எடையும் இல்லாத இடத்தில், ஒட்டிக்கொண்டிருந்த ஒரு கவசம் ராக்கெட்டை எப்படிக் கெடுத்தது?

எடை மறைந்தாலும் நிறை மறையாது என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம்தான். ஆனால் 20,650 எப்படி 6,555 ஆகச் சுருங்கியது என்பதை அந்த ஒரு வரி காட்டிவிடாது. எண்களோடு நிறுவிக் காட்ட முடியுமா என்று இங்குள்ள நண்பர்களைக் கேட்கிறேன்.

வான்தடம்

ஐயா, மிக நல்ல எடுத்துக்காட்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். நிலைமம் என்ன செய்யும் என்பதை இவ்வளவு தூய்மையாகக் காட்டும் விண்வெளி நிகழ்வு வேறொன்று எளிதில் கிடைக்காது. ஏனென்றால் இங்கே எந்திரமும் எரிபொருளும் திட்டமிட்டபடியே வேலை செய்திருக்க, மாறியது நிறை ஒன்று மட்டுமே.

முதலில் நான்காம் கட்டத்தை மட்டும் பார்ப்போம். அதன் இரண்டு சிறிய திரவ எந்திரங்களும் சேர்ந்து தரும் உந்துவிசை ஏறத்தாழ 15,000 நியூட்டன். எரிபொருள் 2.5 டன், காலிக் கட்டம் சுமார் 0.9 டன், செயற்கைக்கோள் 1.425 டன், ஆக, எந்திரம் பற்றவைக்கப்படும்போது தள்ள வேண்டிய மொத்த நிறை சுமார் 4.8 டன். விசையை நிறையால் வகுத்தால் முடுக்கம் நொடிக்கு நொடி 3.1 மீட்டர். இப்போது சுமார் 1.15 டன் கவசத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள். அதே விசை, நிறை 6 டன், முடுக்கம் 2.5 மீட்டர். ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. எரிபொருள் தீரும் தறுவாயில் நிலைமை இன்னும் மோசம்: கவசம் இல்லாவிட்டால் 2.3 டன்னைத் தள்ளும் எந்திரம் 6.4 மீட்டர் முடுக்கம் தந்திருக்கும், கவசத்தோடு 3.5 டன்னைத் தள்ளும்போது 4.3 மீட்டர்தான் தருகிறது. கலம் இலேசாக ஆக ஆக வேகம் பிய்த்துக்கொண்டு ஏற வேண்டிய அந்தக் கடைசி நிமிடங்களில்தான் கழலாத கவசத்தின் நிறை மிகுதியாகப் பிடித்து இழுக்கிறது. இதில் எடைக்கும் காற்றுக்கும் வேலையே இல்லை என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். வகுக்கும் எண் நிறை. அது பூமியில் எவ்வளவோ அங்கேயும் அவ்வளவே.

ஒவ்வொரு நொடியும் நிறை மாறிக்கொண்டிருப்பதால், மொத்த வேக ஆதாயத்தைக் கணக்கிட 1903-இல் ரஷ்ய அறிஞர் சியோல்கோவ்ஸ்கி வெளியிட்ட சமன்பாடு வேண்டும்: தொடக்க நிறையை இறுதி நிறையால் வகுத்து, அந்த விகிதத்தின் இயல் மடக்கையை வாயு வெளியேறும் வேகத்தால் பெருக்க வேண்டும். நான்காம் கட்டத்தில் வாயு நொடிக்கு ஏறத்தாழ 3 கி.மீ. வேகத்தில் வெளியேறுகிறது. கவசமின்றி 4.8-க்கு 2.3 என்ற விகிதம் நொடிக்கு 2.2 கி.மீ. ஆதாயம் தரும், கவசத்தோடு 6-க்கு 3.5 என்ற விகிதம் 1.6 கி.மீ.தான் தரும். இழப்பு சற்றேறக்குறைய 0.6 கி.மீ. 7.6 டன் திட எரிபொருள் கொண்ட மூன்றாம் கட்டத்துக்கும் இதே கணக்கைப் போட்டால் இன்னொரு 0.25 முதல் 0.3 கி.மீ. வரை இழப்பு வரும். இரண்டும் சேர்ந்து நொடிக்கு 0.85 கி.மீ. அளவில் நிற்கிறது.

இனி மறுபக்கத்திலிருந்து சரிபார்க்கலாம். ராக்கெட்டைப் பற்றி எதுவுமே தெரியாது, இரண்டு சுற்றுப்பாதைகளின் அளவுகள் மட்டும் தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். திட்டமிட்ட பாதையில் அண்மைப் புள்ளியில் கலத்தின் வேகம் நொடிக்கு 9.8 கி.மீ. இருந்திருக்க வேண்டும், கிடைத்த பாதையில் அதே புள்ளியில் வேகம் 9.0 கி.மீ. பற்றாக்குறை 0.8 கி.மீ. கட்டங்களின் நிறையிலிருந்து நாம் கண்டதும், கெப்ளர் நீள்வட்டத்திலிருந்து காண்பதும் கிட்டத்தட்ட ஒரே எண். முழுமையாக்கிய எண்களை வைத்துப் போட்ட கைக்கணக்கு இந்த அளவுக்குப் பொருந்துவது, காணாமற்போன வேகம் முழுவதையும் அந்தக் கவசத்தின் நிலைமம் விழுங்கியது என்பதற்குப் போதிய சான்று.

பத்தில் ஒரு பங்குகூட இல்லாத வேகக் குறைவு பாதையின் உச்சியை மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறக்கிவிட்டது ஏன் என்று அடுத்த கேள்வி வரும். நீள்வட்டத்தின் தொலைவுப் புள்ளி, அண்மைப் புள்ளி வேகத்தின் சிறு மாற்றத்துக்கும் மிகப் பெரிதாக அசைந்து கொடுக்கும். அது ஈர்ப்பு பற்றிய பாடம்; இந்த இழையில் அதற்குள் நுழைய வேண்டாம்.

கொள்ளிடக்கரை

மிக்க நன்றி. இரு வழிகளிலும் ஒரே எண் வருவதுதான் மாணவர்களுக்கு நம்பிக்கை தரும். துணைக்கேள்வி ஒன்று: செயற்கைக்கோள் கவசத்துக்குள்ளேயே பிரிந்தது என்று செய்திகளில் வந்தது. மூடிய கூட்டுக்குள் பிரிவது என்றால் என்ன?

வான்தடம்

நான்காம் கட்டம் அணைந்த பிறகு, செயற்கைக்கோளைப் பிடித்திருக்கும் இணைப்பை விடுவிக்கும் கட்டளை வழக்கம்போல் நிறைவேறியது. இணைப்பு விட்டதும் செயற்கைக்கோள் கட்டத்திலிருந்து மெல்ல விலகும். விலகிய பின் அதே வேகத்தில் நேராகச் சென்றுகொண்டே இருக்கும். வெளியில் திறந்த வானம் இருந்திருந்தால் அது போய்க்கொண்டே இருந்திருக்கும். இங்கே 3.2 மீட்டர் விட்டமுள்ள கவசத்தின் உட்சுவர்தான் எதிரே இருந்தது. தன் பாதையைத் திருத்திக்கொள்ளும் எந்திரம் செயற்கைக்கோளிடம் இருந்தும், மூடிய கூட்டுக்குள் அதை இயக்குவதில் பொருளில்லை. 167 கி.மீ. உயரத்தில் மெல்லிய காற்று ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைத் தின்றது. 2018 மார்ச்சில் அந்தத் தொகுதி வளிமண்டலத்துக்குள் விழுந்து எரிந்தது. அதற்குப் பதிலாக அனுப்பப்பட்ட ஐஆர்என்எஸ்எஸ்-1ஐ, 2018 ஏப்ரல் 12 அன்று பிஎஸ்எல்வி சி-41 மூலம் சரியான பாதையை அடைந்தது.

முகிலரசி

இழையைத் தொடர்ந்து படித்து வருகிறேன். வான்தடம் அவர்களின் கணக்கில் எனக்கு மறுப்பில்லை; ஆனால் பழியை முழுவதும் நிலைமத்தின் மீது போடுவது சரிதானா என்ற ஐயம் உண்டு. ராக்கெட்டுகள் எரிபொருளின் பெரும்பகுதியைப் புவியீர்ப்பை எதிர்ப்பதில்தான் செலவழிக்கின்றன என்று பல இடங்களில் படித்திருக்கிறேன். கவசத்துக்கு எடையும் உண்டல்லவா? அந்த எடையைத் தூக்கியதால் வந்த இழப்பை நாம் நிலைமத்தின் கணக்கில் எழுதிவிடுகிறோமோ?

ஓய்வுபெற்ற பொறியாளர்

அம்மா, பிரித்துப் பார்க்க வேண்டிய இடத்தைச் சரியாகத் தொட்டிருக்கிறீர்கள். ராக்கெட் இரண்டு கடன்களை ஒரே நேரத்தில் அடைக்கிறது. ஒன்று, கீழே விழாமல் தன்னைத் தாங்கிக்கொள்வது, அது எடைக்குரியது. மற்றொன்று, தன் வேகத்தை மாற்றுவது, அது நிலைமத்துக்குரியது. எந்தக் கடன் எப்போது பெரியது என்பது ராக்கெட் எந்தத் திசையில் போகிறது என்பதைப் பொறுத்தது.

ஏவுதளத்தை விட்டுச் செங்குத்தாக எழும்போது எடையின் கடன்தான் பெரிது. அப்பல்லோ பயணங்களின் சாட்டர்ன்-5 ராக்கெட் ஏறத்தாழ 2,900 டன். அதன் ஐந்து எந்திரங்களும் சேர்ந்து ஏறத்தாழ 3,400 டன் எடையைத் தாங்கும் அளவுக்கு விசை தந்தன. அதில் 2,900 டன்னுக்குரிய விசை, ராக்கெட் கீழே இறங்காமல் இருப்பதற்கே போய்விடும். மிஞ்சும் 500 டன் விசைதான் 2,900 டன் நிறையின் நிலைமத்தை அசைக்க வேண்டும். அதனால்தான் அந்த மாபெரும் ராக்கெட், ஏவு கோபுரத்தைத் தாண்டுவதற்கே பத்து நொடிக்கு மேல் எடுத்துக்கொண்டு, பழைய படச்சுருள்களில் தயங்கித் தயங்கி எழுவதுபோல் தெரிகிறது.

பிறகு ராக்கெட் படிப்படியாகச் சாய்கிறது. நொடிக்குப் பதின்மூன்று டன் என்ற அளவில் எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்க, விசை குறையாமல் நிறை மட்டும் சரிகிறது. முடுக்கம் தாறுமாறாக ஏறுகிறது. அதைப் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் நான்கு மடங்குக்குள் அடக்கி வைப்பதற்காக, 135-ஆவது நொடியில் நடு எந்திரத்தை மட்டும் வேண்டுமென்றே அணைத்தார்கள். சிறிது நேரத்தில் மற்ற நான்கும் அணையும்போது, அதுவரை இருக்கையில் அழுந்திக் கிடந்த விண்வெளி வீரர்கள் முன்புறமாகத் தூக்கி எறியப்பட்டு, இருக்கைப் பட்டைகளில் தொங்குவார்கள்.

மேல் கட்டங்கள் எரியும்போது ராக்கெட் ஏறத்தாழக் கிடைமட்டமாகப் போகிறது. அப்போது புவியீர்ப்பு, பாதைக்குக் குறுக்காக, கீழ்நோக்கி இழுக்கிறது. உந்துவிசையோ பாதையின் திசையில் தள்ளுகிறது. ஒன்றோடொன்று செங்குத்தாக இருக்கும் விசைகள் ஒன்றையொன்று கழித்துக்கொள்வதில்லை. பாதை நெடுகிலும் வேகத்தைக் கூட்டும் வேலை முழுக்க முழுக்க நிலைமத்தோடுதான். பிஎஸ்எல்வியின் மூன்றாம், நான்காம் கட்டங்கள் பெரும்பாலும் இப்படித்தான் இயங்குகின்றன. ஆகவே சி-39 இழந்த வேகத்தில் எடையின் பங்கு மிகச் சிறியது. பழி போக வேண்டிய இடத்துக்கே போயிருக்கிறது.

இதனோடு தொடர்புடைய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். முதல் கட்டத்தின் உடற்கூட்டில் ஒரு கிலோ கூடிவிட்டால், அது அந்தக் கட்டம் கழன்று விழும்வரைதான் சுமை. செயற்கைக்கோளின் கணக்கில் அதற்கு ஒரு கிலோவின் சிறு பங்குதான் குறையும். கடைசிக் கட்டத்தில் ஒரு கிலோ கூடினால், செயற்கைக்கோளில் ஒரு கிலோவை அப்படியே குறைத்தாக வேண்டும். மேல் கட்டத்தில் இணைப்புத் தகடுகளைக் குடைந்து குடைந்து இலேசாக்குவதும், கம்பிக் கட்டுகளின் நீளத்தை அங்குலம் அங்குலமாகக் குறைப்பதும் இதனால்தான். தொழிலை அறியாதவர்களுக்கு அது கஞ்சத்தனமாகத் தெரியும். எனக்கு அது அந்தத் துறையின் நேர்மையாகத் தெரிகிறது.

இளவேனில்

பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இதுவரை பேசியதைப் பார்த்தால் நிலைமம் என்பது ராக்கெட் வெல்ல வேண்டிய எதிர்ப்பு என்று தோன்றுகிறது. ஆனால் எந்திரம் அணைந்த பிறகு ராக்கெட்டை முன்னே கொண்டுபோவதும் நிலைமம்தானே? ஒரே பண்பு இரண்டு எதிரெதிர் வேலைகளைச் செய்கிறதா?

வான்தடம்

தம்பி, எதிர்ப்பு என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். நிலைமம் ஒரு விசை அன்று. அது எதையும் தள்ளுவதும் இல்லை, இழுப்பதும் இல்லை. வேகம் எதுவாக இருந்தாலும் அதை அப்படியே வைத்திருப்பது அதன் இயல்பு. நாம் வேகத்தைக் கூட்ட நினைக்கும்போது அது தடையாகத் தெரிகிறது. வேகத்தைக் காத்துக்கொள்ள நினைக்கும்போது துணையாகத் தெரிகிறது. சாட்டர்ன்-5 ராக்கெட்டின் முதல் கட்டம் ஏறத்தாழ 67 கி.மீ. உயரத்தில் எரிந்து முடிந்து கழன்றது. ஆனால் அது உடனே கீழே விழவில்லை. எந்திரமே இல்லாத வெற்றுக் கூடாக மேலும் மேலும் ஏறி, 110 கி.மீ. அளவு உயரத்தைத் தொட்ட பிறகுதான் அட்லாண்டிக் கடலை நோக்கி இறங்கியது.

இந்த இயல்பை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஃபால்கன்-1 ராக்கெட்டின் மூன்றாவது பயணம் நல்ல சான்று. 2008 ஆகஸ்டில் பசிபிக் கடலில் குவாஜலீன் பவளத்தீவுக் கூட்டத்திலிருந்து அது புறப்பட்டது. முதல் கட்டம் எரிந்து முடிந்தது, கட்டங்கள் பிரிந்தன. அடுத்த கணமே கீழ்க் கட்டம் மேல் கட்டத்தின் மீது பின்னாலிருந்து மோதியது. புதிதாகப் பொருத்தியிருந்த எந்திரம் அணைந்த பிறகும், குளிர்விப்புக் குழாய்களில் தங்கியிருந்த எரிபொருள் ஓரிரு நொடிகள் கசிந்து சிறிதளவு உந்துவிசையைக் கொடுத்துக்கொண்டிருந்தது. தரையில் நடந்த சோதனைகளில் இது தென்படவில்லை. ஏனென்றால் அந்த மிச்ச விசையின் அழுத்தம் கடல்மட்டக் காற்றழுத்தத்தைவிடக் குறைவு. வெற்றிடத்திலோ அதைத் தடுக்க எதுவும் இல்லை.

இங்கே நிலைமத்தின் பங்கைக் கூர்ந்து பாருங்கள். பிரிந்த நொடியில் இரண்டு கட்டங்களுக்கும் வேகம் ஒன்றே. மேல் கட்டம் இன்னும் பற்றவைக்கப்படாததால் அந்த வேகத்தை மாற்றாமல் போய்க்கொண்டிருக்கிறது. கீழ்க் கட்டமோ எரிபொருள் தீர்ந்து வெற்றுக் கூடாகிவிட்டது; நிறை குறைவு, ஆகவே நிலைமமும் குறைவு. முழுதாக நிரம்பியிருந்தபோது பொருட்படுத்தத் தேவையில்லாத அதே சிறு விசை, இப்போது அந்தக் கூட்டை முன்னே தள்ளிவிடப் போதுமானது. திருத்தம் மிக எளிதாக இருந்தது: எந்திரம் அணைவதற்கும் கட்டங்கள் பிரிவதற்கும் இடையே இருந்த ஒன்றரை நொடியைச் சில நொடிகள் நீட்டினார்கள். 2008 செப்டம்பர் 28 அன்று நான்காவது பயணம் சுற்றுப்பாதையை அடைந்தது.

ஓய்வுபெற்ற பொறியாளர்

அதே ராக்கெட்டின் இரண்டாவது பயணத்தையும் இதனோடு சேர்த்துப் பேச வேண்டும். 2007 மார்ச்சில் நடந்த அந்தப் பயணத்தில் கட்டங்கள் பிரிந்துவிட்டன, மேல் கட்டம் எரியவும் தொடங்கிவிட்டது. பின்னர் ராக்கெட் மெல்ல வட்டமாகத் தலையாட்டத் தொடங்கி, அந்த ஆட்டம் வளர்ந்துகொண்டே போய், கடைசியில் கட்டுப்பாடு கைவிட்டுப் போனது. தொட்டியிலிருந்த திரவ ஆக்சிஜன் அலைமோதியதுதான் காரணம்.

ராக்கெட்டின் நிறையில் பெரும்பங்கு திரவம் என்பதையும், அந்தத் திரவம் தொட்டிச் சுவரோடு ஒட்டப்படவில்லை என்பதையும் பாடநூல்கள் சொல்வதில்லை. எந்திரத்தின் முனையைச் சற்றே திருப்பி ராக்கெட்டை இடப்பக்கம் சாய்த்தால், தொட்டி உடனே நகரும். திரவம் தன் பழைய பாதையிலேயே போக முயன்று எதிர்ச்சுவரில் ஏறும். பிறகு திரும்பி வந்து இந்தச் சுவரில் ஏறும். அந்த ஊசலின் கால அளவும், திசையைத் திருத்தும் கணினி திருத்தங்களை அனுப்பும் கால அளவும் ஒன்றுக்கொன்று இசைந்துவிட்டால், ஒவ்வொரு திருத்தமும் அலையை ஊட்டி வளர்த்துவிடும். தொட்டிக்குள் வளையத் தகடுகளைப் பொருத்தினால் அலையின் ஆற்றல் அவற்றில் மோதிச் சிதறும். இரண்டாவது பயணத்தின் மேல் கட்டத் தொட்டியில் அத்தகைய தகடுகள் இல்லை. அடுத்து வந்தவற்றில் சேர்த்தார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. எந்திரம் அணைந்து ராக்கெட் மிதந்து செல்லும் வேளையில், தொட்டியும் திரவமும் ஒரே வேகத்தில் போவதால் திரவம் எந்தப் பக்கத்திலும் தங்குவதில்லை. குழாய் வாயில் திரவத்துக்குப் பதிலாக வாயு நின்றுவிடலாம். அந்த நிலையில் எந்திரத்தைப் பற்றவைத்தால் எரிபொருளை உறிஞ்சும் விசைக்குழாய் (பம்ப்) வாயுவை விழுங்கிக் கெட்டுவிடும். இதற்காகப் பெரிய எந்திரத்தைத் தொடங்குமுன் சிறு உந்திகளால் ராக்கெட்டை முன்னோக்கி மெல்லத் தள்ளுவார்கள். தொட்டி முன்னே நகர, திரவம் இருந்த வேகத்திலேயே நின்றுவிட முயல, அது தொட்டியின் அடிப்பகுதியில் வந்து சேரும். சாட்டர்ன் ராக்கெட்டின் மேல் கட்டங்களில் இந்த முறை இருந்தது. சோவியத் பொறியாளர்கள் வேறு வழியைக் கண்டார்கள்: கீழ்க் கட்டம் தள்ளிக்கொண்டிருக்கும்போதே மேல் கட்டத்தைப் பற்றவைத்துவிடுவது. சோயுஸ் ராக்கெட்டின் நடுக்கட்டத்துக்கும் மேல் கட்டத்துக்கும் இடையே சுவருக்குப் பதிலாகத் திறந்த கம்பிச் சட்டம் தெரிவது, அந்த நெருப்பு வெளியேறுவதற்காகத்தான்.

இளவேனில்

நன்றி ஐயா. இதுவரை நேர்கோட்டு இயக்கத்தைப் பற்றித்தான் பேசியிருக்கிறோம். சுழற்சி இயக்கத்திலும் நிலைமத்துக்கு இதே அளவு பங்கு உண்டா?

முகிலரசி

நிச்சயமாக உண்டு, அங்கே நிறை எவ்வளவு என்பதோடு அது எங்கே பரவியிருக்கிறது என்பதும் சேர்ந்துகொள்கிறது. உள்ளங்கையில் ஒரு நீளமான கோலைச் செங்குத்தாக நிறுத்திப் பாருங்கள். பிறகு ஒரு பென்சிலை நிறுத்திப் பாருங்கள். கோல் மெல்லச் சாய்வதால் கையை நகர்த்தி அதைத் திருத்த நேரம் கிடைக்கிறது. பென்சில் அந்த நேரத்தைத் தருவதில்லை. அடியிலிருந்து தள்ளப்படும் உயரமான ராக்கெட்டுக்கும் இதே நிலைமைதான்: நிறை நீளவாக்கில் பரவியிருப்பதால் நிலைமத் திருப்புத்திறன் (சுழற்சி மாற்றத்துக்கு எதிர்நிற்கும் அளவு) பெரிது, சாய்வு மெதுவாக நிகழ்கிறது, எந்திர முனையைத் திருப்பும் கருவிக்கு அவகாசம் கிடைக்கிறது. ஆனால் எரிபொருள் தீரத் தீர அந்தத் திருப்புத்திறனும் நிறை மையமும் மாறிக்கொண்டே இருக்கும். புறப்படும்போது ஏற்றதாக இருந்த திருத்த அளவு, இரண்டு நிமிடம் கழித்து மிகையாகிவிடும். ஆகவே கணினி, பறக்கும் நேரத்துக்கேற்பத் தன் திருத்தங்களின் வலிமையை மாற்றிக்கொண்டே போக வேண்டும்.

வரலாற்றில் இதற்கு ஒரு பெரிய பாடம் உண்டு. 1958 ஜனவரி 31 அன்று அமெரிக்கா ஏவிய முதல் செயற்கைக்கோளான எக்ஸ்புளோரர்-1, ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீளமும் 15 செ.மீ. விட்டமும் கொண்ட மெல்லிய உருளை. அதை நீள அச்சைச் சுற்றி வேகமாகச் சுழலவிட்டு அனுப்பினார்கள்; சுழலும் பொருள் தன் திசையை மாற்றிக்கொள்ளாது என்ற நம்பிக்கை. ஆனால் சில மணி நேரத்துக்குள் அது தலைகுப்புறப் புரளும் சுழற்சிக்கு மாறிவிட்டது. உருளையின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்த வளையும் கம்பி அலைவாங்கிகள் ஒவ்வொரு சுற்றிலும் சற்றே நெளிந்து, சுழற்சி ஆற்றலை வெப்பமாக்கி வீணடித்தன. கோண உந்தம் (நிலைமத் திருப்புத்திறனையும் சுழலும் வேகத்தையும் பெருக்கினால் வரும் அளவு) மாறாமல் இருக்க, ஆற்றல் மட்டும் குறைந்துகொண்டே வந்தால், பொருள் தன் நிலைமத் திருப்புத்திறன் மிகுதியாக உள்ள அச்சைச் சுற்றிச் சுழலும் நிலைக்குத்தான் போய்ச் சேரும். மெல்லிய உருளைக்கு அது குறுக்கு அச்சு. தன்னளவில் முழுக்க விறைப்பான பொருளுக்குரிய கணக்கு, நெளியக்கூடிய நான்கு கம்பிகளால் பொய்த்துப்போனது. அதற்குப் பிறகு சுழற்சியால் நிலைநிறுத்தப்படும் செயற்கைக்கோள்கள் நீண்ட உருளைகளாக இல்லாமல் குட்டையான, அகன்ற பீப்பாய் வடிவில் வந்ததற்கு இந்த அறிவும் ஒரு காரணம்.

கொள்ளிடக்கரை

எதிர்பார்த்ததைவிட நிறையக் கற்றுக்கொள்கிறேன். மாணவர்களிடமிருந்து இன்னொரு கேள்வியும் வந்திருக்கிறது. சாலையில் போகும் வண்டிக்குச் சக்கரம் உண்டு. அதன் சுழற்சியை எண்ணி வேகத்தைக் காட்டலாம். தொட்டுக்கொள்ள எதுவுமில்லாத வெளியில் ராக்கெட் தன் வேகத்தை எப்படி அறிகிறது?

முகிலரசி

அங்கேயும் நிலைமம்தான் கைகொடுக்கிறது. முடுக்கமானி என்ற கருவிக்குள், நுண்ணிய பிடிப்பில் தொங்கும் ஒரு சிறு நிறை இருக்கும். கலம் முன்னே முடுக்கப்படும்போது அந்த நிறை பின்தங்க முயலும். அதைக் கலத்தோடு சேர்த்து இழுத்துப் பிடிக்க எவ்வளவு விசை தேவைப்படுகிறது என்பதை அளந்தால் முடுக்கம் தெரிந்துவிடும். அதை நொடிக்கு நொடி கூட்டிக்கொண்டே போனால் வேகம், வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் கடந்த தூரம். வெளியுலகை ஒருமுறைகூட எட்டிப் பார்க்காமல் கலம் தன் இருப்பிடத்தை அறிந்துகொள்ளும் இந்த முறையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

அந்தச் சிறு நிறையின் பேச்சைக் கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதை 2023 ஆகஸ்ட் 19 அன்று ரஷ்யாவின் லூனா-25 காட்டியது. நிலவைச் சுற்றிக்கொண்டிருந்த அந்தக் கலம், இறங்குவதற்கு முந்தைய பாதைக்கு மாறத் தன் எந்திரத்தை 84 நொடிகள் இயக்க வேண்டும். தேவையான வேக மாற்றம் கிடைத்ததும் எந்திரத்தை அணைக்கச் சொல்ல வேண்டிய முடுக்கமானித் தொகுதி, கட்டளைகள் நிறைவேறிய வரிசையில் ஏற்பட்ட சிக்கலால் இயக்கப்படாமலே இருந்தது. கணினிக்குக் கிடைத்த முடுக்க அளவு சுழியமாகவே இருக்க, வேகம் மாறிவிட்டது என்பதை அறிய அதற்கு வழியில்லாமல் போனது. எந்திரம் 127 நொடிகள் எரிந்து, நேரக் கணக்கின்படிதான் அணைந்தது. கலம் நிலவின் தரையில் மோதியது.

நான்கு நாட்கள் கழித்து, அதே ஆகஸ்ட் 23 அன்று, சந்திரயான்-3 நிலவில் இறங்கியது. விக்ரம் தரையிறங்கு கலம் 30 கி.மீ. உயரத்தில் இறங்கத் தொடங்கியபோது அதன் கிடைமட்ட வேகம் நொடிக்கு 1.68 கி.மீ. நிலவில் வேகத்தைக் குறைத்துக்கொடுக்கக் காற்று இல்லாததால், அந்த வேகம் முழுவதையும் எந்திரத்தாலேயே கரைக்க வேண்டும். ஏறத்தாழ 690 நொடிகள் நீடித்த முதல் வேகத்தணிப்பின் முடிவில் அது நொடிக்கு 358 மீட்டராகக் குறைந்தது. விழும் கலத்தைத் தாங்குவதுதான் தரையிறக்கம் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் எரிபொருளின் பெரும்பகுதி, பக்கவாட்டில் பாய்ந்துகொண்டிருக்கும் ஒன்றே முக்கால் டன்னின் நிலைமத்தை அடக்குவதற்கே செலவாகிறது.

இளவேனில்

ஓர் ஐயம். ஆகஸ்ட் 1 அன்று பூமியின் சுற்றுப்பாதையை விட்டு, 5 அன்று நிலவை அடையும்வரை சந்திரயான்-3 பெரும்பாலும் எந்திரம் அணைந்த நிலையில்தான் போனது. அந்த நாட்களில் பூமியின் ஈர்ப்பு அதன் வேகத்தை மாற்றிக்கொண்டேதான் இருந்திருக்கும். முடுக்கமானி அதைக் காட்டியிருக்குமா?

வான்தடம்

காட்டியிருக்காது, அது சுழியத்தையே காட்டும். ஈர்ப்பு கலத்தையும் உள்ளே இருக்கும் சிறு நிறையையும் ஒரே அளவில் முடுக்குகிறது. ஒன்றுக்கொன்று பின்தங்குவதே இல்லையென்றால் அளப்பதற்கு எதுவும் இல்லை. எந்திரம், காற்று, உராய்வு போன்ற, கலத்தின் உடலைத் தொட்டுத் தள்ளும் விசைகளை மட்டுமே முடுக்கமானி உணரும். ஆகவே பயணக் கணினி, பூமி, நிலவு, சூரியன் ஆகியவற்றின் ஈர்ப்பைக் கணித முறையில் தனியே கணக்கிட்டு முடுக்கமானியின் அளவோடு சேர்க்க வேண்டும். நீண்ட பயணத்தில் சேரும் சிறு பிழைகளைத் தரை நிலையங்களின் வானொலி அளவீடுகளைக் கொண்டும் விண்மீன்களைப் பார்க்கும் கருவியைக் கொண்டும் திருத்த வேண்டும்.

கொள்ளிடக்கரை ஐயா இதை வகுப்பிலேயே செய்து காட்டலாம். இப்போதைய கைபேசிகள் எல்லாவற்றிலும் முடுக்கமானி உண்டு. அதன் அளவுகளை வரைபடமாகக் காட்டும் இலவசச் செயலிகளும் கிடைக்கின்றன. மேசை மீது அசையாமல் கிடக்கும் கைபேசி 9.8 என்று காட்டும். மேசை அதை மேல்நோக்கித் தாங்குவதுதான் அந்த எண். தடித்த மெத்தை ஒன்றை விரித்து, பதிவைத் தொடங்கிவிட்டு, ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து கைபேசியைச் சுழலாமல் கைநழுவ விட்டால், அரை நொடிக்குச் சற்றே அதிகமான நேரம் கோடு சுழியத்துக்கு அருகே போய்ப் படுத்துக் கிடக்கும். மெத்தையில் விழும்போது செங்குத்தாக எழும். மாணவர்கள் அந்த இடைவெளியை வரைபடத்தில் அளந்து, விழுந்த உயரத்தைத் தாங்களே கணக்கிட்டுச் சரிபார்க்கட்டும். மெத்தை மட்டும் தடிப்பாக இருக்க வேண்டும்.